கிழவி மலையும் பெயரில்லாத புல்வெளியும்

கூட வர்றேன்னு சொன்ன ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை ராத்திரியே கழண்டுக்கிட்டாங்க. ஒருத்தர் வீட்டுக்குத் திடீர் விருந்தாளி. இன்னொருத்தருக்கு "மழை வரும்போல இருக்கே". அயர்லாந்தில் மழை வரும்போல இருக்கேன்னு பார்த்தால் ஜென்மத்துக்கும் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. வாடகைக் காருக்கோ பணம் கட்டியாச்சு. சரி, போறது போறோம், தனியாவே போயிடலாம்னு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரெண்டு டப்பா தயிர்சாதம், ஒரு ஃப்ளாஸ்க் காபி சகிதம் டப்ளினை விட்டுக் கிளம்பினேன்.

தனியாகப் போவதில் ஒரு சௌகரியம் என்னன்னா, ஒரு கல்லுக்கு முன்னாடி அரை மணி நேரம் நின்னாலும் "போலாமா?" என்று கேட்க ஆள் கிடையாது. எனக்கோ இந்தக் கல் பைத்தியம் கொஞ்சம் ஜாஸ்தி.

போன இடம் மீத் கவுண்டி. டப்ளினுக்கு வடமேற்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் மொத்தக் கவுண்டியும் அடங்கிவிடும். பழைய ராஜாக்களின் டாரா குன்று இங்கேதான் இருப்பதால் 'ராஜ கவுண்டி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சுற்றுலா பஸ்கள் நியூகிரேஞ்ச் கல்லறையைக் காட்டிவிட்டுச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுடும். அதை நான் ஏற்கெனவே பார்த்தாச்சு. இந்த முறை பஸ் போகாத இடங்களாகப் பொறுக்கி வெச்சிருந்தேன்.

முதலில் லாக்ரூ. ஓல்ட்காஸில் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் வரிசையாகச் சில குன்றுகள். ஐரிஷில் 'ஷ்லீவ் ந கல்யீ', அதாவது கிழவி மலை. கார் நிறுத்தும் இடத்திலிருந்து ஒரு கால் மணி நேர ஏற்றம்தான், ஆனால் செங்குத்து. வழியெல்லாம் ஆடுகள். ஒவ்வொன்றுக்கும் முதுகில் நீலமும் சிவப்புமாகச் சாயம், யார் வீட்டு ஆடுன்னு அடையாளத்துக்கு. எல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு மறுபடி மேயப் போயிடுச்சு.

மேலே போய் நின்றதும் மூச்சு வாங்கியதுக்குப் பாதிக் காரணம் ஏற்றம், மீதி அந்தக் காட்சி. சுற்றிலும் பச்சைக் கட்டம் கட்டமாக வயல்கள், நடுவில் வேலிச் செடிகள், எங்கேயோ தூரத்தில் மழை பெய்வது தனியாகத் தெரியுது. குன்றின் உச்சியில் பெரிய கற்குவியல் ஒன்று. 'கெய்ர்ன் டி' என்று ஆராய்ச்சியாளர்கள் எழுத்து வைத்துக் கூப்பிடுகிறார்கள். கிட்டத்தட்ட 5000 வருஷத்துக் கல்லறை, எகிப்தின் கீஸா பிரமிடுகளுக்கும் மூத்தது. உள்ளே ஒரு குறுகிய பாதை, கடைசியில் சிலுவை வடிவத்தில் அறைகள். பின்சுவர்க் கல்லில் சூரியன் மாதிரி, பூ மாதிரி வட்டங்களும் கதிர்களும் செதுக்கியிருக்கு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகிற நாட்களில், உதிக்கிற சூரியனின் வெளிச்சம் நேரே உள்ளே நுழைந்து அந்தச் சித்திரங்கள் மேலே விழுந்து மெல்ல நகருமாம். மார்ட்டின் ப்ரென்னனும் ஜாக் ராபர்ட்ஸும் 1980-இல் ராத்திரியெல்லாம் காத்திருந்து பார்த்து இதை உலகத்துக்குச் சொன்னார்கள்.

நான் போனபோது இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கம்பிக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்ததில் பாதையோரக் கற்களில் சில கோடுகள் தெரிந்தன. அதுக்கு மேல் எட்டலை.

சரி, கிழவி யாருன்னு கேட்கிறீங்களா? கல்யீ என்ற மந்திரக் கிழவி மடியில் கல்லைக் கட்டிக்கிட்டு ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குத் தாவினாளாம். தாவும்போதெல்லாம் மடியிலிருந்து கொட்டியவைதான் இந்தக் குவியல்கள். எல்லாக் குன்றையும் தாண்டிவிட்டால் அயர்லாந்து முழுக்க அவளுக்கு. கடைசித் தாவலில் கால் இடறி விழுந்து செத்துப் போனாள். நம்மூரில் மலைமேல் கிடக்கும் பெருங்கற்படைகளைப் பார்த்து 'பாண்டவர் வீடு' என்றும் 'பாண்டவர் குழி' என்றும் சொல்லலையா, அந்த மாதிரிதான். யார் கட்டினதுன்னு மறந்துபோனா ஊர் உடனே ஒரு கதையைக் கொடுத்துடும். குவியலின் வடபக்கத்தில் கிழவியின் நாற்காலி என்று ஒரு மாபெரும் கல். உட்கார்ந்து வேண்டிக்கிட்டா நடக்குமாம். நான் உட்கார்ந்தேன். என்ன வேண்டிக்கிட்டேன்னு சொல்ல மாட்டேன் :)

வந்த வழியே திரும்பி கெல்ஸ். 'கெல்ஸ் புத்தகம்' கேள்விப்பட்டிருப்பீங்க. கன்றுத் தோலில் எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்தி நூல், இப்போ டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கு. பார்க்க வரிசையில் நிக்கணும். அது பல நூற்றாண்டு காலம் இருந்த ஊரில் வரிசை ஏதும் கிடையாது! 1007-இல் ஒரு ராத்திரி திருடன் தேவாலயத்திலிருந்து அதைத் தூக்கிட்டுப் போயிட்டான். இரண்டு மாதமும் இருபது நாளும் கழித்து, மண்கட்டிக்கு அடியில் புதைந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்களாம். அட்டையில் இருந்த தங்கம் காலி, புத்தகம் பத்திரம். திருடனுக்கு எது பெரிசுன்னு தெரிஞ்சிருக்கு, நல்லவேளையா அவன் கணக்கும் நம்ம கணக்கும் வேற.

தேவாலய வளாகத்தில் 26 மீட்டர் உயரத்துக்கு ஒரு வட்டக் கோபுரம், மேல் கூம்பு போய் மொட்டையா நிக்குது. 1076-இல் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய ஒருவரை இதற்குள்ளேயே வெச்சுக் கொன்னிருக்காங்க. சுற்றிலும் செதுக்கிய கல் சிலுவைகள். ஆதாம் ஏவாள், சிங்கக் குகையில் தானியேல்னு படிக்கத் தெரியாத ஜனங்களுக்குப் பைபிளைப் படமாகக் காட்டியவை. ஆனால் எனக்குப் பிடிச்சது முடிக்காத ஒரு சிலுவை. ஒரு சில கட்டங்களில் மட்டும் உருவங்கள் வந்திருக்கு, மற்றக் கட்டங்களில் செதுக்குவதற்காக விட்டுவைத்த கல் துருத்திக்கொண்டு அப்படியே நிக்குது. மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட ரதங்களைப் பார்த்தால் என்ன தோணுமோ அதே. சிற்பி சாப்பிடப் போயிருக்கான், இதோ வந்துடுவான்.

மேட்டுத் தெருவில் புனித கொலம்பாவின் வீடு. வீடுன்னா சும்மா இல்லை, கூரை உட்பட எல்லாமே கல். தெருவாசியான ஓர் அம்மா கொத்துச் சாவியோடு வந்து திறந்துவிட்டார். உள்ளே இருட்டு, ஈரம், கூரைக்கு நடுவே இருக்கும் குட்டி அறைக்கு ஏற ஒரு நீள ஏணி. ஏறும்வரை கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். "எந்த நாடு?", "சாப்டாச்சா?" இரண்டும் கேட்டார். அப்புறம், "லாய்ட் கோபுரத்தையும் பாத்துட்டுப் போங்க, ரெண்டு கிலோமீட்டர்கூட இருக்காது" என்று கையைக் காட்டினார். என் பட்டியலில் அது இல்லை.

லாய்ட் கோபுரம் ஒரு கலங்கரை விளக்கம். கடலே கண்ணில் படாத ஊரில் கலங்கரை விளக்கம்! பெக்டிவ் பிரபு தன் அப்பா ஞாபகமாக 1791-இல் கட்டியது. சுமார் 30 மீட்டர் உயரம், உச்சியில் விளக்கு மாடம் எல்லாம் அச்சு அசலா இருக்கு. பிரபு குடும்பம் மேலே ஏறிக் குதிரைப் பந்தயமும் வேட்டையும் வேடிக்கை பார்க்குமாம். சுற்றி இருக்கும் புல்வெளிக்கு 'பீப்பிள்ஸ் பார்க்' என்று பெயர். நாய்களோடு சிலர் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முதல் டப்பா தயிர்சாதத்தை முடித்துவிட்டுக் கொஞ்சம் நடக்கலாம்னு எழுந்தேன்.

பூங்காவை ஒட்டினாற்போல் ஒரு புல்வெளி. ஏழைகளின் கல்லறை என்று எழுதியிருந்தது. பஞ்சத்தில் கெல்ஸ் ஏழைகள் விடுதியில் செத்தவர்களைக் கொண்டுவந்து மொத்தமாகப் புதைத்த இடம். தனித்தனிக் கற்கள் கிடையாது, பெயர்கள் கிடையாது. புல். அவ்வளவுதான். பார்க்கிறதுக்கு அங்கே ஒண்ணுமே இல்லை. காலையிலிருந்து நூறு படம் எடுத்த கேமராவை எங்கே திருப்புறதுன்னு தெரியலை.

பஞ்சத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். 1845-இல் உருளைக்கிழங்குச் செடிகளில் அழுகல் நோய் வந்தது. அயர்லாந்தின் ஏழைக் குடியானவனுக்குக் காலை, மதியம், ராத்திரி எல்லாம் அந்தக் கிழங்குதான். அவன் விளைவித்த தானியமும் வளர்த்த மாடும் நிலச்சுவான்தாரின் குத்தகைக்குப் போயிடும். 1852 வரை நீண்ட பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1841-இல் 82 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1851-இல் 65 லட்சம். அந்தக் காலத்திலும் தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆகிக்கிட்டுதான் இருந்தது. 1847 கோடையில் அரசாங்கக் கஞ்சித்தொட்டிகளில் தினம் முப்பது லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். அதாவது, சோறு போட முடிஞ்சிருக்கு! சில மாதங்களிலேயே அதை மூடிவிட்டு, இனிமேல் ஏழைகள் விடுதிதான் என்றார்கள். கால் ஏக்கருக்கு மேல் குத்தகை நிலம் வைத்திருந்தால் உதவி கிடையாதுன்னு சட்டம். நிலத்தை விட்டுக்கொடுத்துட்டு வந்தால், உள்ளே புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். கூட்டம் நெரிந்த இடத்தில் காய்ச்சல் பரவிச் செத்தவர்கள் ஏராளம்.

இதையெல்லாம் லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிர்வாகம் பண்ணியவர் சார்லஸ் ட்ரெவெல்யன். சந்தையில் கை வைக்கக் கூடாது, ஐரிஷ்காரன் இனாமுக்குப் பழகிவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. பஞ்சம் கடவுள் செயல் என்று 1848-இல் புத்தகமே எழுதினார். அந்த வருஷம் அவருக்கு 'சர்' பட்டமும் கிடைத்தது.

அவர் அப்புறம் எங்கே வந்தார் தெரியுமோ? நம்ம மதராஸுக்கு. 1859-இல் கவர்னராக! சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் ஒரு காலத்தில் பரந்து கிடந்ததே ஒரு தோட்டம், மூர் மார்க்கெட், ரிப்பன் பில்டிங், நேரு ஸ்டேடியம், எங்க தாத்தா 'உயிர் காலேஜ்' என்று சொல்லும் மிருகக்காட்சிசாலை எல்லாம் எந்த நிலத்தில் எழும்பியதோ, அது அவர் யோசனையில் உருவானது. அதன் பெயர் பீப்பிள்ஸ் பார்க்.

நான் நின்ற இடத்தின் பெயரும் அதுவே. ரெண்டுக்கும் சம்பந்தம் ஒண்ணும் இல்லை, வெறும் பெயர் ஒற்றுமைதான். ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுட்டேன். மதராஸில் அவரை நல்ல கவர்னர் என்றுதான் சொல்வார்கள். புது வரிகள் ஜனங்களுக்குப் பாரம் என்று மேலிடத்தையே பகிரங்கமாக எதிர்த்து, 1860-இல் பதவியிழந்து திரும்பிப் போனவர். அதே மனுஷன். இதை எப்படி எடுத்துக்கிறதுன்னு இன்னும் எனக்குப் பிடிபடலை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நம்ம ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோதும், தானிய வியாபாரத்தில் தலையிடக் கூடாது என்ற அதே பாட்டைத்தான் அரசாங்கம் பாடியது. அப்போ இவர் பதவியில் இல்லை. ஆனால் பாட்டு பழசு.

இரண்டாவது டப்பாவைத் திறக்க மனசு வரலை. பையிலேயே கிடந்தது.

அங்கிருந்து தெற்கே அத்பாய் வழியாக ரா கார்ன். போற வழியில் ஊர்ப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அயர்லாந்து முழுக்க மேலே சாய்வெழுத்தில் ஐரிஷ், கீழே ஆங்கிலம். கீழே இருப்பது பெரும்பாலும் காதில் விழுந்ததை வெள்ளைக்காரன் எழுதிக்கொண்டது. நம்ம தூத்துக்குடி ட்யூட்டிகோரின் ஆன கதைதான். மேலே இருக்கிற பேருக்கு அர்த்தம் உண்டு: இது கருவாலித் தோப்பு, இது மேட்டுக்கோட்டைன்னு. கீழே இருக்கிறது வெறும் சத்தம். மீத் கவுண்டியில் ஓட்டிக்கிட்டுப் போற நிறையப் பேர் அந்தக் கீழ் வரியைத்தான் படிக்கிறாங்க.

ரா கார்னில் பலகையில் ஒரே வரிதான். ஐரிஷ் மட்டும்.

இந்த ஊரின் கதை எனக்கு ரொம்ப நாளாக ஆர்வம். 1935-இல் அரசாங்கம் மேற்குக் கோடியில் கான்னமாராவின் பாறை நிலத்தில் வாழ்ந்த 27 ஐரிஷ் பேசும் குடும்பங்களைக் கொண்டுவந்து இந்தப் புல்வெளியில் குடியமர்த்தியது. பழைய ஜமீன் நிலத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு வீடு, சுமார் 22 ஏக்கர், ஒரு பெண் பன்றி, குட்டிகள், கொஞ்சம் கருவிகள். சும்மா கிடைக்கலை. போராடி வாங்கினது. எழுத்தாளர் மார்ட்டின் ஓ கைனும் அதில் முன்னால் நின்றவர். டப்ளினுக்கு சைக்கிள் மிதித்துப் போய்க்கூட மனுக் கொடுத்திருக்காங்க. வந்த இடத்தில் அக்கம்பக்கத்தார், "எங்க ஊர் நிலத்தை வெளியூர்க்காரனுக்குக் கொடுக்கிறதா?" என்று முகம் சுளித்தார்கள். ஐரிஷ் பேசும் பகுதி என்ற அதிகாரபூர்வ அந்தஸ்து கிடைக்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பார்க்க அங்கே கோட்டையும் இல்லை, கோபுரமும் இல்லை. ஒரே மாதிரி வீடுகள், பள்ளிக்கூடம், ஒரு கூடம். வாசலில் சுவரோரம் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். காரை நிறுத்தி, மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த "டியா க்விட்ச்"சை எடுத்துவிட்டேன். கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்று அர்த்தம், அவங்க வணக்கம் அதுதான். பெரியவர் முகம் மலர்ந்து பதில் சொன்னார். பதில் வணக்கத்தில் மேரி மாதாவும் சேர்ந்துக்குவார், அதான் முறை. அதுக்கப்புறம் அவர் மடமடன்னு ஐரிஷில் ஏதோ பேச ஆரம்பிக்க, நான் ஙே என்று முழிக்க, சிரிச்சுக்கிட்டே ஆங்கிலத்துக்கு மாறினார்.

"எங்க அப்பாவும் அம்மாவும் வந்தப்போ சின்னப் பிள்ளைங்க தம்பி. அம்மாவுக்குக் கடல் இல்லாதது கடைசி வரைக்கும் ஒரு குறை. காத்தடிச்சா அலைச் சத்தம் வருதான்னு கேப்பாங்க."

"இப்பவும் வீட்ல ஐரிஷ்தான் பேசறீங்களா ஐயா?"

"எங்கிட்ட பேசணும்னா அதுல பேசித்தான் ஆகணும்." கொஞ்சம் நிறுத்தி, "பேரப்பசங்க பதில் சொல்றது சில சமயம் இங்கிலீஷ்ல. டிவி, ஃபோன், சிநேகிதங்க... என்ன பண்றது?"

நம்ம மொழி என்னன்னு கேட்டார். தமிழ்னு சொன்னேன். எத்தனை பேர் பேசுவாங்கன்னார். ஏழெட்டுக் கோடி இருக்கும்னதும் ஒரு விசில் அடிச்சார்.

"உங்களுக்குக் கவலை இல்லை."

நான் சும்மா இருந்தேன். அவரே தொடர்ந்தார்.

"எங்களுக்கும் பஞ்சத்துக்கு முன்னாடி முப்பத்தஞ்சு, நாப்பது லட்சம் பேர் இருந்தாங்க. சின்ன தேசத்துக்கு அது கொஞ்சமா? அவங்கதான் மண்ணிலேயே ஏழைங்க. செத்ததும் அவங்கதான், கப்பல் ஏறினதும் அவங்கதான். மிஞ்சினவங்க, பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரிஞ்சாத்தான் அமெரிக்காவுல சோறுன்னு முடிவு பண்ணிட்டாங்க. யாரும் வந்து நாக்கை அறுக்கலை தம்பி. பெத்தவங்களே வாயை மூடிக்கிட்டாங்க."

வீட்டுக்கு வந்து கணக்கை எடுத்துப் பார்த்தேன். 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 15 லட்சம். 2022 கணக்கெடுப்பில், "எனக்கு ஐரிஷ் தெரியும்" என்று சொன்னவர்கள் 18 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். ஆஹா என்று சந்தோஷப்பட்டு அடுத்த வரிக்குப் போனால், பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968.

கிளம்பும்போது அடுத்து எங்கே என்றார். "டாரா" என்றேன். "டாரா இல்ல, ட்யவ்ர்" என்று திருத்தினார். எழுதும்போது எட்டு எழுத்து, சொல்லும்போது ஒரு மூச்சு. மூணு தடவை சொல்ல வெச்சு, நாலாவது தடவை பரவாயில்லை என்று விட்டுட்டார்.

நடுவில் ட்ரிம் கோட்டை. அயர்லாந்திலேயே பெரிய நார்மன் கோட்டை, ஹியூ டி லேசி 1170-களில் ஆரம்பித்தது. நடுக் கோபுரத்துக்கு இருபது பக்கம். மெல் கிப்சனின் 'பிரேவ்ஹார்ட்' படத்தில் இதைத்தான் யார்க் நகரம் என்று காட்டினார்களாம். ஊருக்குள் வெலிங்டன் பிரபுவுக்கு ஒரு தூண். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவோடு சண்டை போட்ட அதே ஆர்தர் வெல்லஸ்லி, நம்ம குன்னூர் வெலிங்டனும் இவர் பேர்தான். கோட்டை நல்லா இருக்கு, மறுக்கலை. ஆனா மனசு ரா கார்னிலேயே இருந்ததால் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்துட்டுக் கிளம்பிட்டேன். கோட்டைப் பிரியர்கள் மன்னிக்கணும்.

டாராவுக்குப் போய்ச் சேர மணி ஐந்தரை. டாராவில் ஏதோ அரண்மனை இருக்கும்னு நினைச்சுப் போறவங்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். புல் மூடிய மேடுகள், பள்ளங்கள், வட்ட வட்டமான அகழிகள். ஒரு மேடு, பணயக்கைதிகளின் மேடு என்று பேர், அது லாக்ரூ மாதிரியே 5000 வருஷத்துக் கல்லறை. இன்னொரு மேட்டில் லியா ஃபால் என்ற நெட்டுக்கல். உண்மையான ராஜா தொட்டால் கல் கர்ஜிக்குமாம். பாவம், அதை 2012-இல் ஒருத்தர் சுத்தியலால் அடிச்சு, 2014-இல் பெயிண்ட் ஊத்தி, 2023-இல் 'போலி'ன்னு கிறுக்கி... இவ்வளவுக்கும் அது கர்ஜிக்கலை.

1899-இலிருந்து 1902 வரை, யூதர்களின் உடன்படிக்கைப் பேழை இங்கேதான் புதைஞ்சிருக்குன்னு நம்பின ஒரு கோஷ்டி இங்கிலாந்திலிருந்து வந்து ஒரு மேட்டையே தோண்டிப் போட்டுச்சு. கவிஞர் யேட்ஸ், ஐரிஷ் மொழிக்கு இயக்கம் நடத்திய டக்ளஸ் ஹைட் எல்லோரும் பத்திரிகைக்கு எழுதிக் கண்டிச்சாங்க. அந்த ஹைட்தான் 1938-இல் நாட்டின் முதல் ஜனாதிபதி. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தபோது எம் 3 நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்டது. டாராவின் பள்ளத்தாக்கு வழியாக வேண்டாம் என்று வருஷக்கணக்கில் போராட்டம் நடந்தும் 2010-இல் திறந்த சாலை. காலையில் நான் சல்லுன்னு வந்தது அதில்தான் என்பதையும் சொல்லிடணும்.

நான் போய் உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்காக. 1843 ஆகஸ்ட் 15 அன்று டேனியல் ஓ'கானல் இந்தக் குன்றில் ஒரு கூட்டம் போட்டார். அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றத்தைத் திருப்பிக் கொடு என்று. ஏழரை லட்சம் பேர் வந்தார்கள் என்று அன்றைய கணக்கு. மிகையாகவே இருக்கட்டும், பாதின்னு வெச்சுக்கிட்டாலும் இந்தப் புல் முழுக்கத் தலைகள். ஓ'கானல் கெர்ரிக்காரர், ஐரிஷைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தவர். கூட்டத்தில் பேசியது ஆங்கிலம். ஐரிஷ் மெல்ல மறைவதில் தனக்கு வருத்தம் இல்லை, ஆங்கிலம்தான் பிரயோஜனமான மொழி என்று வெளிப்படையாகவே சொன்னவர். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. தன் ஜனங்கள் முன்னுக்கு வரணும் என்றுதான். கூட்டம் முடிஞ்சு ரெண்டு வருஷத்தில் கிழங்கு அழுகியது. 1847-இல், பஞ்சத்தின் உச்சத்தில், அவர் இத்தாலியில் ஜெனோவாவில் செத்துப்போனார். அன்னைக்கு இந்தக் குன்றில் நின்னு கைதட்டினவங்கள்ல எத்தனை பேர் அந்தக் கெல்ஸ் புல்வெளிக்குப் போனாங்களோ.

வெளிச்சம் சாய ஆரம்பித்தது. ஒரு நாற்பது வயசு அம்மணி நாயைக் கூட்டிக்கிட்டு வந்தார். நாய் நேரே என் பைக்கு வந்து தயிர்சாத டப்பாவை மோப்பம் பிடிச்சது. அவர் மன்னிப்புக் கேட்க, பேச்சு ஆரம்பிச்சது. பக்கத்து ஊர்தானாம், சின்ன வயசிலிருந்து தினம் இங்கே நடை.

புதுசாக் கத்துக்கிட்டதைக் காட்டிக்கத்தானே தோணும். "இந்த இடத்துக்கு ட்யவ்ர்னு பேராமே?" என்றேன்.

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். திரும்பச் சொன்னேன். "ஓ! ஐரிஷா!" என்று சிரித்தார். "பதிமூணு வருஷம் ஸ்கூல்ல படிச்சேன். பரீட்சையெல்லாம் பாஸ். ஒரு வாக்கியம்தான் ஞாபகம் இருக்கு."

என்னன்னு கேட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி நேரா நின்னு, கையைத் தூக்கிக்கிட்டு, கடகடன்னு ஒரே மூச்சில் சொன்னார். அழகான சத்தம். அர்த்தம் கேட்டேன்.

"டீச்சர், நான் பாத்ரூம் போயிட்டு வரலாமா?"

இந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் இந்த ஒரு வாக்கியம் மட்டும் தப்பில்லாமல் வருமாம். ரெண்டு பேரும் நல்லாவே சிரிச்சோம். டப்பாவைத் திறந்து, தாளிச்ச மிளகாயைப் பொறுக்கி எடுத்துட்டு, நாய்க்கு ரெண்டு வாய் வெச்சேன். சுத்தமா நக்கிட்டு இன்னும் வேணும்னு பார்த்துச்சு.